வரைவு நான்கு

ஹாக்லி சாலையை நெடுநாள் நான்
கார் கண்ணாடி வழியாகத்தான் அறிந்திருந்தேன்.
ஐந்து தடம்.
அரை மைலுக்குள் முப்பத்தொரு நுழைவாசல்.
மெத்தைக் கடை, டயர் கடை, மறுபடி மெத்தைக் கடை,
நான்கு பல்மருத்துவர்களின் பெயரோடு ஒரு பலகை
(இருவர் ஓய்வு பெற்று ஃபுளோரிடா போய்விட்டார்கள்).

ஆயிரம் சதுர அடிக் கடைக்கு
ஐந்து கார் நிற்க இடம் வேண்டும் என்கிறது விதி.
யார் எழுதியது என்று கோப்புகளில் தேடினேன்.
பக்கத்து ஊரைப் பார்த்து எழுதியிருந்தார்கள்.
பக்கத்து ஊர், அதற்குப் பக்கத்து ஊரை.
நவம்பரில், தள்ளுபடி வெள்ளியன்று,
ஆண்டிலேயே கூட்டம் அலைமோதும் பகலில்
போய் நின்று எண்ணினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு கட்டம்.
நூற்று எழுபதில் கார்.
மிச்சத்தில் ஈரி ஏரியிலிருந்து வந்த கடற்காகங்கள்,
கோடு மதிக்காமல்.

முதல் வரைவில் நடுத்திட்டு வைத்தேன், மரங்களோடு.
பள்ளி ஜிம்மில் கூட்டம்.
சைலன்சர் கடை டெல்பர்ட் சாபோ எழுந்தார்.
"வடக்கேயிருந்து வருகிறவன் என் கடைக்கு எப்படித் திரும்புவான்?"
அடுத்த சிக்னலில் யூ-டர்ன், என்றேன்.
"ஓட்டை சைலன்சரோடு உறுமிக்கொண்டு வருகிறவன்
யூ-டர்ன் போடமாட்டான் தம்பி.
நேரே போவான்.
நேரே போனால் என் மைத்துனன் கடை."
ஜிம் முழுக்கச் சிரிப்பு.
அவர் சிரிக்கவில்லை.

பொறியாளர் லொரெய்ன் படத்தை விரித்தாள்.
மூன்றாண்டு விபத்துகள், சிவப்புப் புள்ளிகளாக,
எல்லாம் நடுத்தடத்தில், அம்மை போட்டதுபோல.
டெல்பர்ட் கண்ணாடி மாட்டிக் குனிந்தார்.
நெடுநேரம் பார்த்து ஒரு புள்ளியில் விரல் வைத்தார்.
"இது நான்."
பிறகு, கொஞ்சம் தாழ்ந்து:
"என் தப்பு இல்லை."
"யார் தப்பும் இல்லை," என்றாள் லொரெய்ன்.
"அந்தத் தடம் ஒரே நேரத்தில்
இரண்டு பேருக்கும் சொந்தம். அதுதான் கோளாறு."

இரண்டாம் வரைவும் மூன்றாம் வரைவும்
வாசல்களைப் பற்றிய சண்டை.
அவற்றைச் சொல்லப் போவதில்லை.
டெல்பர்ட்டும் அடுத்த கடை ரொட்டிக்கார நஜ்வா தன்னூஸும்
ஒரே வாசலைப் பகிர ஒப்புக்கொண்டார்கள் என்பது மட்டும் போதும்.
பலகையில் யார் பெயர் மேலே என்பது
இன்றுவரை தீரவில்லை.

மளிகை அங்காடியின் கேலப் மன்யான்,
பத்தொன்பது வயது,
திங்கள்தோறும் பிக்கப்பில் போய்
ஓடிப்போன ட்ராலிகளைப் பிடித்து வருகிறவன்.
எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.
பாக்கெட்டிலிருந்து ஒரு குறிப்பேடு எடுத்தான்.
சாக்கடைப் பள்ளம், விளம்பரப் பலகையின் கால்,
பஸ் நிறுத்தக் கம்பம், புல் மேடு,
வில்லோ குடியிருப்பின் கதவு.
அன்றிரவு வரைபடத்தில் குறித்தேன்.
பதினொரு ட்ராலி.
நான் நடைபாதை போடாத பக்கம்,
யாருடையதும் அல்லாத அந்தச் சாலைப் புறம்போக்கில்
ஒரு கோடாக நின்றன.

ஜிம்முக்கு இவர்கள் யாரும் வரவில்லை.
கூட்டம் ஆறு மணிக்கு.
கடைசி பஸ் ஐந்து ஐம்பதுக்கு.
அந்த நேரத்தை வைத்தது நான்தான்.

நான்காம் வரைவில் நடைபாதை எதிர்ப்பக்கம் போனது.
சாலை நடுவே, கடப்பவர் ஒதுங்கி நிற்க
ஆறடி அகலத்தில் ஒரு சிறு திட்டு.
அதற்காக மரங்களைக் கைவிட்டேன்.
பாதி நிறுத்தக் கட்டங்களைக் கேட்டேன்; கால்வாசி கிடைத்தது.
மன்றம் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தது.

ஆகஸ்டில் ஒரு திங்கள், கேலப்பின் செய்தி:
பன்னிரண்டு.
எங்கே?
நடுத்தடத்தில், நின்றபடி,
உருளைக்கிழங்குப் பை பிரிக்காமல்.

லொரெய்னை அழைத்தேன்.
விபத்து எதுவும் பதிவாகவில்லை என்றாள்.
இருந்தும், நான் கேட்காமலே,
இன்னொரு முறை தேடிப் பார்த்தாள்.
விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.
மேசைமேல் நான்காம் வரைவு கிடந்தது.
ஸ்கேலை எடுத்து அளந்தேன்:
திட்டிலிருந்து நான்கடி தெற்கே.