ஓட்டத்தில நிக்கன்

குருக்கள்மடம் தாண்டி
வளைவு என்று சொல்லவும் முடியாத அந்த வளைவில்
வாகை நிழலுக்குள் இருந்து ஒரு கை நீண்டது.
பிறகுதான் வெள்ளைத் தொப்பி தெரிந்தது.

போன் இன்னும் காதில்தான்.
தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அமத்திப் பிடித்திருந்ததை
உருவி, சேட்டுப் பைக்குள் போட்டேன்.
போட்டதையும் பார்த்துக்கொண்டு நின்றார் ஹேரத்.

பின் சீற்றில் சீனித்தம்பியர்,
மடியில் உரப்பை, பைக்குள் கால் கட்டிய சேவல்.
"நாலு சொல்லுத்தான் சேர் கதைச்சவன்,
நான் எண்ணினனான்" என்றார்,
ஒருவரும் கூப்பிடாத சாட்சி.
சேவலும் என்னவோ சொல்லிப் பார்த்தது.

நாலு சொல்தான். மெய்.
*ஓட்டத்தில நிக்கன், மறுகா எடுக்கன்.*

சித்திரை பிறந்ததில் இருந்து
இந்த நாலையும் நான் சொல்லாத இடமில்லை.
கோழித்தீன் கடை வாங்கில் இருந்து சொன்னேன்.
கிணற்றடியில், சவர்க்காரம் கண்ணில் எரிய எரியச் சொன்னேன்.
ஒருக்கால் ஸ்டாண்டில் சும்மா படுத்துக்கிடந்து,
சத்தத்துக்காகப் பக்கத்து ஓட்டோவை
ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப்போட்டுச் சொன்னேன்.
லீசிங் கொம்பனிப் பொடியன் டினோஜன்
ஒவ்வொரு முறையும் நம்பினான்,
அல்லது நம்பியவன் போல
மரியாதையாக வைத்தான்:
"பார்த்து ஓடுங்க அண்ணன்."

இன்றைக்குத்தான் மெய்யாகவே ஓட்டத்தில் நின்றேன்.
பெரியகல்லாறு போய்வர ஒரு ஹயர்,
மூன்று நாளைக்குப் பிறகு.
அவன் எடுத்தான்.
உண்மை சொல்லக் கிடைத்த சந்தர்ப்பம்,
விட மனம் வரவில்லை.

"யாரு கதைச்சது?"
ஹேரத்தின் தமிழ்
மகாஓயாவில் இருந்து பஸ்ஸேறி வந்து
இங்கே வாடகைக்கு இருக்கும் தமிழ்.
தம்பி என்று சொல்ல நினைத்தேன்.
மனுசி என்றால் மனம் இரங்குமோ என்றும் நினைத்தேன்.
"லீசிங்" என்றேன்.

பேனை ஒரு கணம் நின்றது.
அவருடைய பைக்கையும்
யாரோ மாதாமாதம் தேடுகிறார்கள் போல.
பிறகு எழுதியது.

லைசென்ஸ் அவருடைய புத்தகத்துக்குள் போனது.
என் கைக்கு மூன்று மொழியில் ஒரு கடதாசி.
கார்பன் நீலத்தில் என் பெயர்
மழையில் வந்தவன் போலக் கலங்கி நின்றது:
சா. பூபாலரெட்ணம்.
பதினாலு நாள். தபால் கந்தோரில் கட்டு.
இன்றைய ஹயரையும் நாளைய ஹயரையும் சேர்த்தாலும்
பிறகும் கொஞ்சம் கேட்கும் தொகை.
நாளைக்கு ஹயர் இருக்கிறது என்று யார் சொன்னது?

"சேவலுக்கு விடாய்க்குது மனே" என்றார் சீனித்தம்பியர்,
வேறு ஆறுதல் வராமல்.

கடதாசியை நாலாக மடித்து
சாமிப் படத்துக்குப் பின்னால் செருகும்போது
பை அதிர்ந்தது.
டினோஜன்.

இன்ஜின் நின்றிருந்தது.
இப்போது எடுத்தால் குற்றமில்லை.
ஹேரத் பார்க்கப் பார்க்க எடுத்தேன்.
"தம்பி, இப்ப நிப்பாட்டித்தான் நிக்கன்.
சொல்லுங்க."

அந்தப் பக்கம் காற்று.
ஹெல்மெட்டுக்குள் சொருகிய போனில் மட்டும் கேட்கும்
அந்த நீளமான காற்று.
நடுவில் ஒரு பஸ்ஸின் ஹோர்ன்.
அதே ஹோர்ன்
கிரான்குளப் பக்கமிருந்து
என் மற்றக் காதிலும் விழுந்தது.

"அண்ணன், உங்களட்டத்தான் வாறன்.
இப்ப ஓட்டத்தில நிக்கன், மறுகா..."

ஹேரத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு
வீதிக்கு இறங்கினார்.

மூன்று மாதத் தவணை,
அதற்கு மேல் வட்டி,
அதற்கும் மேல் இந்த நீலக் கடதாசி.
ஒரு சொல்லும் பேசாமல் இருந்திருக்கலாம்.

"வையுங்க தம்பி" என்றேன்.
"போனை வையுங்க.
வளைவில நிக்காங்க."

ஹேரத் திரும்பி என்னைப் பார்த்தார்.
தமிழ் விளங்கும் அவருக்கு.