செல்லாதவை

உசிலம்பட்டிப் பள்ளி, எட்டாம் வகுப்பு பி பிரிவு.
கரும்பலகையில் அழிக்காமல் விட்ட பின்னக் கணக்கு.
மூன்றாம் மேசை எனக்கு.
தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டுகளை
ஐம்பது ஐம்பதாக ரப்பர் பேண்டு போட வேண்டும்.

ஏணிக்கும் சீப்புக்கும் நடுக்கோட்டில்
அளந்து வைத்ததுபோல் ஒரு முத்திரை.
எந்த வீட்டுப் பகையும் வேண்டாம் என்றிருக்கிறார்.
இன்னொருவர் முத்திரையைத் தொடவே இல்லை.
பத்திர ஆபீசில் வைப்பதுபோல்
பெருவிரலை உருட்டியிருக்கிறார்,
ரேகை ஒன்றுகூடக் கலையவில்லை.
ஒரு சீட்டில் ஆறு சின்னத்துக்கும் குத்து.
"எல்லா வீட்டுக்கும் மொய் செஞ்சிட்டான்யா"
என்றார் ஏணியின் ஏஜெண்ட் ஒச்சப்பன்.
சிரித்துக்கொண்டே தட்டில் போட்டோம்.

பிறகு பின்னியக்காள் டீச்சர்
ஒரு சீட்டைத் திருப்பினார்.
முன்பக்கம் ஏணியின் மேல் பளிச்சென்று முத்திரை.
பின்பக்கம் ஒன்றுமில்லை.
"பூத் ஆபீசர் கையெழுத்து இல்லையே."
அடுத்ததிலும் இல்லை.
மொத்தம் பதினொன்று.
அதில் ஒன்பது ஏணி.

பெட்டிகளைக் கொட்டிக் கலந்தாயிற்று.
எந்த பூத் என்று தெரியவில்லை,
எனக்குத் தவிர.

மதியம் மூன்று மணி. வரிசை வேப்பமரத்தைத் தாண்டி நின்றது.
திருப்பூரிலிருந்து விடிய விடிய வந்தவர்கள்,
ராத்திரி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டியவர்கள்,
சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள்.
புளியோதரைப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தேன்.
கை கழுவப் போனேன்.
அவ்வளவுதான்.

"குத்துனவன் மேல என்ன தப்பு?"
ஒச்சப்பன் இப்போது சிரிக்கவில்லை.

தேர்தல் அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார்.
"பூத் ஆபீசர் மறந்ததுன்னு தெரிஞ்சா
தள்ள வேண்டியதில்ல. விதி இருக்கு.
யாருக்காவது தெரியுமா?"

அந்த விதி எனக்குத் தெரியும்.
பயிற்சி வகுப்பில் சிவப்பு மையால்
அடிக்கோடு போட்டது நான்தான்.
தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தது.
மெமோ, விளக்கம், நின்றுபோகும் இன்கிரிமெண்ட்,
வங்கியில் வீட்டுக்கடன்.
ரப்பர் பேண்டு ஒன்றை விரலில் சுற்றினேன்,
நுனி வெளுக்கும் வரை.

சீப்பு நாலு ஓட்டில் ஜெயித்தது.
வெளியே சரவெடி. புகை வகுப்புக்குள் வந்தது.

இந்நேரம் திருப்பூரில் யாரோ
ராத்திரி ஷிப்டில் காலர் தைத்துக்கொண்டே
பக்கத்து மிஷின்காரரிடம்
ஊருக்குப் போய்ப் போட்டுட்டு வந்துட்டேன்
என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

செல்லாதவற்றை உறையில் இட்டு
அரக்கு வைத்தார்கள்.
மேலே ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்கள்.
போட்டேன்,
இனிஷியலுக்குப் பின்னால் உள்ள புள்ளியைக்கூட விடாமல்.