நாற்பதில் ஒன்று

லீதியாள் குண்டூசி குத்துவாள்.
நான் குத்துவதில்லை.
சமாதானபுரத்தில் ஒரே ஷட்டருக்குள்
இரண்டு மிஷின், ஒரு ஃபேன்,
நாலு வருஷமாய் இதே வழக்கு.

"குத்தாம ஓட்டாத ஏட்டி,
துணி நம்ம பேச்சக் கேக்காது" என்பாள்.
குத்தி, தைத்து, உருவி, மறுபடி குத்தி
அவள் ஒரு வரிசை முடிப்பதற்குள்
நான் மூன்று முடித்து
டீயும் குடித்திருப்பேன்.

விரல் பிறகு எதற்கு?
தேய்த்த மடிப்பு ஒன்று இந்தப் பக்கம் சாய,
மற்றது அந்தப் பக்கம் சாய்ந்தால்
துண்டு இரண்டும் கதவும் நிலையும் போலத்
தாமே பொருந்திக்கொள்ளும்.
ஆறு அங்குலத் தையலுக்கு
ஊசிக் காவல் வேறு.

எப்சிபா வந்தாள். நர்ஸ்.
அயர்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது.
"கட்பீஸ் போட்டு ஒரு போர்வை தச்சுத் தாங்கக்கா.
உள்ள பஞ்சு வைங்க.
மூணு கிலோவத் தாண்டக் கூடாது, பிளேன்ல எடை பாப்பாங்க."
குளிர் என்று எங்களுக்குத் தெரிந்தது
தென்காசி பஸ் ஜன்னலில் அடிக்கிற
ஆனிச் சாரல்தான்.

நடுப்பகுதி நான் தைத்தேன்.
எட்டுக்குப் பத்து, எண்பது கட்டம்,
ஒரு குண்டூசி இல்லை.
எல்லா இடத்திலும் நாலு மூலை
ஒரே புள்ளியில் வந்து நின்றன.
லீதியாள் திருப்பிப் பார்த்தாள்.
இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
நான் ஜெயித்ததாகக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பஞ்சு வைத்து மூட்டியாச்சு. பிறகு கரை.
அரக்குச் சிவப்பு, நாலு அங்குலம், இரட்டை மடிப்பு.
அளக்காமலே அடியில் கொடுத்து ஓட்டினேன்,
மிஞ்சியதைக் கடைசியில் வெட்டிக்கொள்ளலாமென்று.
மிஷினின் பல் அடித்துணியை இழுக்கும்,
மேல்துணியை ஃபுட்டு பிடித்து வைக்கும்.
ஒரு கட்டத்துக்கு ஒரு நூல்தான் வித்தியாசம்.
பத்துக் கட்டத்தில் ஒன்றேகால் அங்குலம்.

தரையில் விரித்தோம்.
நடு தூங்கியது.
ஓரம், வெயிலில் மறந்துவிட்ட
கல்லிடைக்குறிச்சி அப்பளம்.
காலால் அழுத்திப் பார்த்தேன்.
இங்கே அழுத்தினால் அங்கே எழும்பியது.

லீதியாள் திட்டியிருக்கலாம்.
பிளேடை எடுத்துத் தையல் பிரித்தாள்,
ஒன்றரை மணி நேரம்.
டேப்பைப் போர்வையின் நடுக்கூடிப் போட்டாள்:
"ஓரத்துல அளந்தா ஓரம் பொய் சொல்லும்."
அந்த அளவுக்கே கரையை வெட்டி
நுனிக்கு நுனி, நடுவுக்கு நடு,
பிறகு பாதிக்குப் பாதி, அதிலும் பாதி.
நாலு பக்கமும் எண்ணி நாற்பது குண்டூசி.
நான் பக்கத்தில் நின்று
எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.
ஃபுட்டு நெருங்குகையில் ஒவ்வொன்றாய் உருவினாள்,
ஒன்றின்மேலும் ஏற்றி ஓட்டவில்லை.
கரை தரையோடு ஒட்டிக் கிடந்தது.

டப்பாவில் எண்ணினாள்.
முப்பத்தொன்பது.
கொட்டி எண்ணினாள்.
முப்பத்தொன்பது.

மணி ராத்திரி ஒன்பதரை.
விடியுமுன் எப்சிபாவுக்குத் திருவனந்தபுரம் கார்.
"பஞ்சுக்குள்ள போயிருக்குமோ?" என்றாள்.
ம்ம், என்றேன்.
"ஏர்போர்ட்ல மணி அடிச்சாக்கூடப் பரவால்ல.
தூக்கத்துல புரண்டான்னா?"
ம்ம்.
பழைய ஸ்பீக்கர் காந்தத்தை
அவள் கரையோரம் நகர்த்திக்கொண்டே போனாள்.
நான் உள்ளங்கையால் அழுத்தி
எண்பது கட்டத்தையும் தடவினேன்,
குத்தட்டும் என்று.

குண்டூசிக்கு எதிராய்
நான் நாலு வருஷமாய்ச் சொல்லிவருவது இதைத்தானே.
இப்போது சொல்லாமல் எப்போது?
வாயைத் திறக்கப் போனேன்.
நாற்பதாவது
என் உதட்டிடுக்கில் இருந்தது.

லீதியாள் சிரித்த சிரிப்பில்
எதிர் பேக்கரிக்காரர்
பாதி இறக்கிய ஷட்டரோடு நின்று பார்த்தார்.

கார்த்திகையில் எப்சிபா படம் அனுப்பினாள்.
கட்டில், போர்வை, அவள்.
ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாய் என்னமோ.
நாங்கள் இரண்டு பேரும்
கரையைத்தான் விரலால் பெரிதாக்கிப் பார்த்தோம்.
இடது மூலையில் லேசாய் ஒரு நெளிவு.

"அது நீ குத்தினது" என்றேன்.
"நீ எடுத்துக் குடுத்தது" என்றாள்.