முடிஞ்சுது என்று சொன்ன பிறகு

ஸ்காபரோவில், லோரன்ஸ் அவெனியூவில்
பல் வைத்தியருக்கும் மீன் கடைக்கும் நடுவே என் கடை.
ஒரு சுவரில் கிராம்பு மணக்கும்,
மறு சுவரில் விளைமீன்.

நாளுக்கு முப்பது தடவை சொல்கிறேன்:
சிரிக்காதேங்கோ.
நாடியிலிருந்து உச்சி வரைக்கும்
முப்பத்தொரு மில்லிமீட்டருக்குக் குறையாமல்
முப்பத்தாறைத் தாண்டாமல்
இருக்கவேண்டும் ஒரு முகம்.
பல் தெரியக்கூடாது. நிழல் விழக்கூடாது.
படத்தின் முதுகில் முத்திரை குத்துகிறேன்,
கடைப் பெயர், விலாசம், திகதி.
இந்த முகம் இன்று இங்கே இருந்தது என்பதற்கு
அரசாங்கத்துக்கு நான் சாட்சி.

நேற்று ஒரு கைக்குழந்தை.
பிறந்து பத்தொன்பது நாள்.
கழுத்து நிற்காத பிள்ளைக்கும் சட்டம் அதேதான்:
நேராகப் பார்க்கவேண்டும், வாய் மூடியிருக்கவேண்டும்,
தாங்கும் கை படத்தில் தெரியவே கூடாது.
தாய் நிரோஜினியைக் கதிரையில் இருத்தி
தலையோடு வெள்ளைத் துணியால் மூடினேன்.
துணிக்குள்ளிருந்து இரண்டு கைகள்
பிள்ளையின் பிடரியை ஏந்தின.
நாற்பது நிமிடம்.
கொட்டாவி, தும்மல், ஒருமுறை பால் கக்கல்.
"வந்திட்டுதோ அக்கா?" என்றது துணி.
இன்னும் இல்லை.
கடைசியில் வந்தது,
வெண்மையில் தனியே மிதக்கும் சின்ன முகம்,
யாருமே பிடிக்காததுபோல.
இருபது டொலருக்கு
ஒரு தாயை அழித்துக் கொடுத்தேன்.

"முடிஞ்சுது" என்றேன்.
அவள் துணியை இழுத்தாள்.
குளிர்காலத்து வறண்ட காற்றில்
தலைமயிர் முழுக்க எழும்பி நின்றது.
என்னைப் பார்த்துச் சிரித்தாள்,
பிள்ளை அதற்குள் நித்திரை.
அப்போது ஒன்று எடுத்தேன்.

என் தொழில் உண்மையில் அந்த இரண்டு நொடிதான்.
முடிஞ்சுது என்று சொன்னதும்
தோள் இறங்கும், தாடை அவிழும்,
இவ்வளவு நேரமும் வாசலில் காத்திருந்த ஆள்
முகத்துக்குள் வந்து அமர்வார்.
வீடு விற்கும் கிருபாகரன்
பஸ் தரிப்பு விளம்பரத்துக்காகக் கழுத்துப்பட்டியோடு வந்தார்,
நாடியை உயர்த்தி, கையைக் கட்டி, வெற்றியாக நின்றார்.
முடிஞ்சுது என்றேன்.
ஐந்து மாதமாக ஒரு வீடும் விற்காத மனிதர்
அதே கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார்.
ஒருவரும் காசு தராத இந்தப் படங்களை
ஒரு கோப்பில் போட்டு வைக்கிறேன்.
கோப்பின் பெயர் மிச்சம்.

"கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்பார்கள்.
சரி என்று
பின்னாலிருக்கும் சுவரை மட்டும் வெள்ளையாக்குவேன்.
இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

எங்கே படிச்சனீங்கள் என்று கேட்பவர்களுக்குச்
சொல்ல வெட்கமாயிருக்கும்.
ஐம்பத்துநாலாம் இலக்க பஸ்ஸில்.
இரவு வேலை முடிந்து திரும்பும் பெண்கள்
யன்னலில் தலை சாய்த்திருக்க,
ஒவ்வொரு தெருவிளக்கும்
ஒருமுறை கன்னத்தைத் தடவிப் போகும்.
பெப்ரவரியில் பனி
கீழேயிருந்து வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுக்கும்,
கண்ணடியில் விழுந்த குழிகளை நிரப்பும்.
ஆயிரம் டொலர் விளக்குக்கு வராத கை அது.
தரிப்பில் நிற்பவர்கள் எல்லாரும்
பஸ் பிந்துகிற எரிச்சலோடு,
தெரியாமலே அழகாக நிற்கிறார்கள்.
கையுறையைக் கழற்றிக் கமராவை எடுப்பதற்குள்
பஸ் வந்துவிடும்.

தை மாதம் என் பாஸ்போர்ட் காலாவதியானது.
மீன் கடை ரொடெலைக் கூப்பிட்டேன்.
மணிக்கட்டில் செதில் ஒட்டியிருக்க
பொத்தானை அமத்தினான்.
கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.
கதிரை இவ்வளவு உயரம் என்பதும் தெரியாது.
ஏழு படம். ஏழிலும் சட்டத்துக்குச் சரியான ஒருத்தி.
"முடிஞ்சுதா?" என்று நான்தான் கேட்டேன்.

இரவு பார்த்தால் எட்டாவது ஒன்று இருந்தது.
கமராவைத் திருப்பித் தரும்போது
விரல் பட்டிருக்கவேண்டும்.
பாதிக் கூரை, ஒரு குழல்விளக்கு, என் இடது காது.
தோட்டின் சுரை கழன்று
விழப்போகிற மாதிரி நின்றது.
கைவைத்துப் பார்த்தேன். உண்மைதான்.
இறுக்கிவிட்டு
படத்தை மிச்சத்தில் போட்டேன்.