நீடாமங்கலம் கேட்

ஆறே காலுக்கு மூடிய கேட்.
டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போனார்.
மடியில் டிபன் பாக்ஸ், புது ஸ்டெத்,
இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு.
ஏழரைக்கு மன்னார்குடியில்
ஆண்கள் வார்டில் நிற்க வேண்டும்.

ஆரஞ்சுப் பழத்துக்கு நூறு ஊசி போட்டிருக்கிறேன்.
ஒரு பழம்கூட
'மெதுவாம்மா' என்றதில்லை.

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
என் நாடியை நானே எண்ணுகிறேன்:
நூற்றுப் பதினெட்டு.
இன்னொருத்தர் கை என்றால்
சிஸ்டரிடம் ஓடியிருப்பேன்.

நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வருகிறது,
அவசரமே இல்லாமல்.
பெட்டிகளை எண்ணி
இருபத்தேழில் தவறவிட்டேன்.

"நர்ஸுதானே நீ?"
பக்கத்து சீட்டு அக்கா
மாத்திரை அட்டை இரண்டை நீட்டினாள்.
"இதுல எது வெறும் வயித்துல?"

ஒன்று தெரிந்தது, சொன்னேன்.
மற்றது தெரியவில்லை.
"கேட்டுச் சொல்றேங்க்கா. எங்க போறீங்க?"

"பெரியாஸ்பத்திரிக்குத்தான்.
மூணாம் நம்பர் கட்டில், எங்க வீட்டுக்காரரு.
ஊசின்னாலே அலறுவாரு."

கேட் திறந்தது.
பாமணியாற்றுப் பாலத்தில்
மறுபடி விரல் வைத்தேன்.
நூற்றுப் பத்து.

அவருக்கு இப்போது எவ்வளவு இருக்கும்?