வடு

பஞ்சிகாவத்தையில் நிறுத்து வாங்கிய
லொறி வில்லுத்தகடு.
ரிஸ்மியா திரையில் கீறிய வளைவு
என் கைபேசிக்கு வருகிறது:
ஆரம் நானூற்றுப் பன்னிரண்டு.

சிவப்பைத் தாண்டி
மாம்பழ நிறம் வரும்வரை ஊதினேன்.
பதினோரு அடி. அச்சொட்டு.
சம்மட்டி பட்ட இடமே தெரியாது,
அதுதான் என் கெட்டித்தனம்.

வந்தவள் தடவிப் பார்த்தாள்.
“அக்கா, வடு எங்க?
மெஷின் செஞ்ச மாதிரி இருக்கு.”

இருபது வருசம் அழித்துப் பழகிய கை.
இனிப் பள்ளம் விழவேண்டும்,
அதுவும் தவறிப் பட்டதுபோல.
முதல் மூன்றும்
ஒழுங்காக விழுந்து தொலைத்தன.

நாலாவதுக்கு ஓங்க,
கிராண்ட்பாஸ் முடக்கில்
ஒரு பஸ் ஹோர்ன் அலற,
கை துள்ளிற்று.

“இது! இது!” என்றாள்.

பில்லில் எழுதினேன்:
கதிரைக் கால், ஒன்று.
பஸ்ஸுக்கு ஒன்றும் போடவில்லை.