பக்கம் பன்னிரண்டைப் பார்க்க

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாம் மாடி.
என் ஜன்னலில் பம்புகளுக்குப் பெயின்ட் காயும் ஷெட் தெரியும்.
பம்பு செய்கிறவர்கள் அங்கே,
பம்பைப் பற்றி எழுதுகிறவள் இங்கே.
ஆறு வருடம், பதினான்கு கையேடுகள்.
ஒன்றிலும் என் பெயர் இல்லை.
வருத்தமும் இல்லை;
திட்டுவதற்கு ஆள் தேடும்போது
அகப்படாமலிருப்பது
இந்த வேலையில் உள்ள ஒரே சலுகை.

டிசைன் தணிகாசலம் எதைக் கேட்டாலும்
"அதான் தெரியுமே" என்பார்.
யாருக்கு சார், என்று கேட்க
எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.
கேட்ட பிறகு புரிந்தது, அவருக்கும் தெரியாது.
தெரிந்தவள் சோதனைக்கூடத்து ஜொஹரா.
அவளிடம் மெயிலில் கேட்டால் பதில் வராது.
நாலேகாலுக்கு, டீயோடு போய் நிற்க வேண்டும்.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி.
வேளச்சேரியில் நாங்கள் இருக்கும் ஐந்து மாடிக் கட்டடம்.
கார்கள் நிற்கும் கீழ்த்தளத்தில்
தண்ணீர் கணுக்காலைக் கடந்து
முழங்காலை விசாரித்துக்கொண்டிருந்தது.
மேடைமேல் அசோசியேஷன் வாங்கிய பம்பு.
எங்கள் பம்பு. பச்சை. இரண்டு குதிரைத்திறன்.
கைப்பிடியில் சணல் கயிறு,
கயிற்றில் பிளாஸ்டிக் உறை,
உறைக்குள் என் ஒன்பதாவது கையேடு.

செக்யூரிட்டி பிபுல், அசாம்காரன்,
டார்ச்சைப் பல்லில் கவ்வியபடி நின்றான்.
நாலாவது மாடி ரெஜினால்ட் சார் உரக்கப் படித்தார்:
"ஆறு. சுவிட்சைப் போடவும்."
பிபுல் போட்டான்.
பம்பு வறட்டு இருமல் இருமியது.
"ஏழு. இயக்குவதற்கு முன்
ப்ரைமிங் செய்யப்பட்டுள்ளதா என
உறுதிசெய்துகொள்ளப்பட வேண்டும்.
விவரங்களுக்குப் பக்கம் பன்னிரண்டைப் பார்க்க."

பக்கம் பன்னிரண்டு இல்லை.
யாரோ அதில் பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றியிருக்கலாம்.

"எந்த முட்டாள்யா எழுதினது இத?"
நான் குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

பட வேண்டும், பட வேண்டும் என்றே
ஆறு வருடம் எழுதியிருக்கிறேன்.
யார் பட வேண்டும் என்று எழுதியதில்லை.
அன்றைக்குப் பட்டது பிபுல்.

"அணை! முதல்ல சுவிட்சை அணை!"
நான் கத்திய அந்த வாக்கியம்
கையேட்டில் எங்கேயும் கிடையாது.
தண்ணீர் ஊற்றும் மூடியைத் தேடினேன்.
அதைப் பதினேழு கோணத்தில் படமெடுத்தவள் நான்.
ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.
இருட்டில் என் விரல்கள் போல்ட் போல்ட்டாகத் தடவி
அசடு வழிந்தன.

பிபுல் கையேட்டை வாங்கினான்.
தமிழ் அவனுக்கு வட்டங்களும் சுழிகளும்.
புரட்டிக்கொண்டே போய்ப் படம் மூன்றில் நின்றான்.
அச்சகத்தில் அரைப் பக்கம் மிச்சமென்று
கடைசி நேரத்தில் நான் போட்ட படம்.
அம்புக்குறி முடிந்த இடத்தில் கை வைத்தான்.
மூடி திறந்தது.
தண்ணீருக்கு மட்டும் பஞ்சமில்லை;
ஒரு வாளி மொண்டு ஊற்றினான், வழியும் வரை.
மூடியை இறுக்கினான். அப்புறம் சுவிட்ச்.
மூன்று மணிக்கெல்லாம் டயர்கள் தெரிந்தன.

திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போய்
கண்ணை மூடிக்கொண்டு அந்த மூடியைத் திறந்து பழகினேன்.
பெயின்ட் அடிப்பவர்கள் சிரித்தார்கள்.
பிறகு எழுதினேன்:
தண்ணீர் ஊற்றுங்கள்.
மூடியை இறுக்குங்கள்.
பிறகே சுவிட்ச்.

"சின்னப் பிள்ளைங்களுக்கா எழுதறீங்க?" என்றார் தணிகாசலம்.
இருபத்து மூன்று இடத்தில் சிவப்புக் குறிப்பு.
இருபத்திரண்டை ஏற்றுக்கொண்டேன்,
கமா, லோகோவின் அளவு, 'உயர்தர' என்ற சொல் உட்பட.
சண்டையை ஒன்றுக்கு மட்டும் சேமித்தேன்.
ஊற்றிவிட்டுத்தான் போட வேண்டும்.
ஜொஹராவைக் கூட்டிவந்து நிறுத்தினேன்.
நின்றது.

புதுக் கையேடு கயிற்றில் தொங்குகிறது.
லிப்டில் ரெஜினால்ட் சார் சொன்னார்,
"இப்ப வேற எவனோ எழுதறான் போல. தெளிவா இருக்கு."
ஆமாம் சார், என்றேன்.

பிபுல் அதைப் பிரிக்கவில்லை.
பழைய படம் மூன்றை வெட்டி
மீட்டர் பெட்டிக் கதவில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறான்.
அம்புக்குறிக்குப் பக்கத்தில்
நீல பால்பாயின்ட்டில்
ஒரு வாளி.

எனக்குத் தோன்றவே இல்லை, அந்த வாளி.